மெதுவாக எழுதியவரின் வழக்கு

எங்கள் வாசகர் வட்டத்தில் அண்மையில், ஒரு சோம்பேறியின் கதையைச் சொல்லும் இவான் கொன்சரோவின் ரஷ்ய நாவலான ‘ஒப்லமோவ்’ பற்றிப் பேச்சு வந்தது. நன்றாகப் படிக்கக்கூடிய ஓர் இளைஞர், “எழுதியவரும் அதே ரகம்தான் சார். வாழ்நாள் முழுவதும் மூன்றே நாவல். கடைசியில் மூளை பிசகி, துர்கனேவ் என் கதையைத் திருடிவிட்டார் என்று புலம்பிக்கொண்டே போய்ச்சேர்ந்தார்” என்று ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதி முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது. பேச்சு தஸ்தயேவ்ஸ்கிக்குத் தாவியது. நம் ஊரில் ரஷ்ய இலக்கியத்தை எங்கே தொடங்கினாலும் கால் மணி நேரத்துக்குள் தஸ்தயேவ்ஸ்கியிடம் போய் நிற்பது வழக்கம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த இளைஞர் சொன்னது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் பொய் என்று எதையும் தனியே பிடுங்கிக் காட்ட முடியாது. மூன்று நாவல்தான். சக நாவலாசிரியரான துர்கனேவ் மேல் திருட்டுப் பழி சுமத்தியதும் நடந்ததுதான். அப்படியிருந்தும் இவற்றைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் ஆள் இவான் கொன்சரோவ் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

சோம்பேறிப் பட்டம் அவருக்குப் புதிதல்ல. பீட்டர்ஸ்பர்க்கில் மாய்கோவ் குடும்பத்தார் வீட்டில் கூடிய நண்பர்களே அவரைச் ‘சோம்பல் இளவரசர்’ என்று கேலி செய்தார்கள். கனத்த உடம்பும் அரைத்தூக்கப் பார்வையுமாக இருந்த அவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இளவரசரின் பணிப்பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். 1812-இல் வோல்கா நதிக்கரை நகரமான சிம்பிர்ஸ்க்கில் தானிய வியாபாரி வீட்டில் பிறப்பு. ஏழு வயதில் தந்தை இறந்தார். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியான ஞானத்தந்தை அவரை வளர்த்தார். மாஸ்கோவின் வணிகப் பள்ளியில் எட்டு ஆண்டுகள் பிடிக்காத படிப்பு. பிறகு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிடித்த படிப்பு. 1835-இல் பீட்டர்ஸ்பர்க் வந்து, நிதி அமைச்சகத்தின் வெளிநாட்டு வணிகத் துறையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். 1867-இல் ஓய்வுபெறும்வரை நடுவில் சிறிது காலம் தவிர அரசாங்கச் சம்பளக்காரர். துர்கனேவுக்குப் பண்ணை இருந்தது, டால்ஸ்டாய்க்கும் பண்ணை இருந்தது. இவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. சோம்பலைப் பற்றி உலகம் மறக்காத நாவலை எழுதியவர் காலையில் எழுந்து அலுவலகம் போனவர். ஒப்லமோவ் அலுவலகத்தை விட்டு ஓடியவன். முக்கியமான ஒரு கடிதத்தைத் தவறான ஊருக்கு அனுப்பிவிட்டு, மேலதிகாரிக்கு முகம் காட்டப் பயந்து வேலையையே உதறியவன்.

1847-இல் வந்த முதல் நாவலான ‘ஒரு சாதாரணக் கதை’யிலேயே இந்த இரட்டை வாழ்க்கை தெரிகிறது. கவிதையும் காதலும் மூட்டை கட்டிக்கொண்டு நாட்டுப்புறத்திலிருந்து தலைநகரம் வரும் அண்ணன் மகன். அவனுடைய காதல் கடிதங்களைப் பார்த்துக் கொட்டாவி விடும், தொழிற்சாலையும் பதவியும் உள்ள சித்தப்பா. விமர்சகர் பெலின்ஸ்கி அதை மனமாரப் பாராட்டினார். கதையின் முடிவில் அண்ணன் மகன் லேசான தொந்தியும் வழுக்கையும் கழுத்தில் பதக்கமுமாக, பெரிய சீர்வரிசையோடு வரும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயாராகிவிடுகிறான். அப்போதுதான் சித்தப்பாவுக்குத் தன் மனைவி உள்ளுக்குள் வாடிப்போயிருப்பது கண்ணில் படுகிறது. பகலில் அமைச்சகமும் மாலையில் மாய்கோவ் வீட்டு இலக்கியமுமாக வாழ்ந்த ஒருவரால்தான் இரண்டு பேருக்கும் இப்படிச் சமமாக நியாயம் செய்ய முடியும். அடுத்த நாவல் வர 12 ஆண்டுகள் ஆயின.

கப்பலேறிய இளவரசர்

அந்த இடைவெளியில் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1852-ஆம் ஆண்டு அக்டோபரில், நாற்பது வயதில், க்ரோன்ஸ்டாட் துறைமுகத்திலிருந்து ‘பல்லாடா’ என்ற போர்க்கப்பலில் ஏறினார். ஜப்பானோடு வணிக உறவு ஏற்படுத்தப் புறப்பட்ட அட்மிரல் புத்யாதினுக்குச் செயலாளர் வேலை. இங்கிலாந்து, நன்னம்பிக்கை முனை, ஜாவா, சிங்கப்பூர், ஹாங்காங், நாகசாகி, ஷாங்காய், மணிலா என்று பாதி உலகம். இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு காட்சி வருகிறது. நடுக்கடலில் புயல். மின்னலும் இருட்டும் மலைபோல் எழும் அலையும். எழுத்தாளர் அல்லவா, இதையெல்லாம் பார்த்தே தீர வேண்டும் என்று கப்பல் தலைவர் அவரை அறையிலிருந்து வரவழைத்து மேல்தளத்தில் நிறுத்துகிறார். சிறிது நேரம் பார்க்கிறார். காட்சி எப்படி என்று தலைவர் ஆவலோடு கேட்கிறார். அலங்கோலம், ஒழுங்கே இல்லை என்று சொல்லிவிட்டு, நனைந்த துணியையும் காலணியையும் மாற்றக் கீழே இறங்கிப் போகிறார் கொன்சரோவ்.

இதைச் சோம்பலுக்குச் சாட்சியாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வியக்க வேண்டிய இடத்தில் கட்டளைக்கு வியக்க மறுக்கும் பிடிவாதம் அது. அதே நூலில், குடிநீரை அளந்து கொடுத்த நாட்களில் அவர் முகம் கழுவுவதற்கென்று நல்ல தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து வைக்கும் ஃபதேயேவ் என்ற சிப்பந்தி மாலுமிக்கு அவர் எழுத்தில் எவ்வளவு இடம் கிடைக்கிறது பாருங்கள். புயலுக்கு ஐந்து நிமிடம், வாளியோடு வருகிறவனுக்குப் பக்கம் பக்கமாக.

கிரிமியப் போர் மூண்டதால் 1854 ஆகஸ்டில் கப்பலை விட்டு இறங்கி, அயான், யாக்கூத்ஸ்க், இர்கூத்ஸ்க் வழியாகக் குதிரையிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் சைபீரியா முழுவதையும் கடந்து, 1855 பிப்ரவரியில் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தார். பழைய பல்லாடாவுக்குப் பதில் வந்த ‘தியானா’ என்ற கப்பல் 1854 டிசம்பரில் ஜப்பானின் ஷிமோதா துறைமுகத்தில் நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் சிக்கிச் சிதைந்து பிறகு மூழ்கியது. இவர் அதில் தொடர்ந்திருந்தால் ‘ஒப்லமோவ்’ நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

திரும்பி வந்தவருக்குக் கிடைத்த அடுத்த வேலை தணிக்கை அதிகாரி. இங்கேதான் அவருடைய நண்பர்களுக்கே முகம் சுளித்தது. ரஷ்யாவின் முதல்வரிசை எழுத்தாளர் இப்படிப்பட்ட பதவியை ஏற்றிருக்கக் கூடாது என்று நண்பர் துருஷினின் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். லண்டனிலிருந்து ரஷ்ய எழுத்தாளர் ஹெர்சன் தன் ‘மணி’ இதழில் அவர் பெயரைச் சீனப் பெயர்போல உடைத்து ‘தணிக்கையாளர் கொன்-சா-ரோ பற்றிய அசாதாரணக் கதை’ என்று நையாண்டி செய்தார். நியாயமான நையாண்டிதான். ஆனால் அதே தணிக்கையாளர்தான், பல ஆண்டுகளாக மறுபதிப்புக்கு வழியில்லாமல் கிடந்த துர்கனேவின் ‘வேட்டைக்காரனின் குறிப்புகள்’ 1859-இல் மீண்டும் வெளிவர உதவியவர். பின்னாளில், 1860-களின் நடுவில், தீவிர விமர்சகர் பீசரெவ் எழுதிவந்த ‘ருஸ்கொயே ஸ்லோவோ’ இதழுக்கு எதிராக அறிக்கை எழுதியவரும் இவரே. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஏழு வாரமும் பத்து ஆண்டும்

1857 கோடையில் உடல்நலத்துக்காக மரியன்பாட் என்ற நீரூற்று நகரத்துக்குப் போனார். அங்கே ஏறக்குறைய ஏழு வாரத்தில் ‘ஒப்லமோவ்’ நாவலின் பெரும்பகுதியை எழுதி முடித்தார். ‘ஒப்லமோவின் கனவு’ என்ற அத்தியாயம் 1849-லேயே அச்சாகியிருந்தது; முதல் பாகமும் கைவசம் இருந்தது. மற்றதெல்லாம் தலைக்குள். யாரோ சொல்லச் சொல்ல எழுதியதுபோல் இருந்தது என்றார். சோம்பேறி ஏழு வாரத்தில் இதை எழுதுவானா என்று நான் வாதாடப் போவதில்லை. அந்த ஏழு வாரத்துக்கு முன்னால் பத்து ஆண்டுகள் அவர் அந்தக் கதையைச் சுமந்து திரிந்தார், கப்பலிலும் சைபீரியப் பனியிலும்கூட. தனக்குள் வளர்ந்து முற்றாத எதையும் தன் பேனாவால் தொட முடியாது என்று 1879-இல் ஒரு கட்டுரையில் அவரே எழுதினார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துர்கனேவ் சண்டைக்கு இதுதான் திறவுகோல் என்பது என் எண்ணம்.

நாவல் 1859 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தொடராக வந்தது. உடனே விமர்சகர் தொப்ரலியூபோவ் ‘ஒப்லமோவியம் என்றால் என்ன’ என்று புகழ்பெற்ற கட்டுரையை எழுதி, அந்தப் பாத்திரத்தை ஒரு சமூக நோயின் பெயராக்கிவிட்டார். அதே சிம்பிர்ஸ்க்கில் பிறந்த லெனின் 1922-இல்கூட, மூன்று புரட்சி கண்ட பிறகும் ஒப்லமோவ்கள் மிச்சமிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தார். நோய் என்று பெயர் வைத்ததும் நாவலைப் படிப்பது குறைந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு குறை. நாவலின் பிற்பகுதியில் பீட்டர்ஸ்பர்க்கின் வைபொர்க் பகுதியில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறான் ஒப்லமோவ். வீட்டுக்காரி அகாஃப்யா என்ற விதவை. மாவு பிசைந்து, மிளகு இடித்து, எப்போதும் அசைந்துகொண்டிருக்கும் அவள் முழங்கைகளைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளுடைய அண்ணனே கூட்டுச் சேர்ந்து அவனை ஏமாற்றிப் பணத்தைக் கறந்ததில் வீட்டில் செலவுக்குக் காசில்லை. அவன் சாப்பாட்டில் குறை வரக் கூடாதென்று அவள் தன் முத்துமாலையை அடகு வைக்கிறாள். பிறகு வெள்ளிச் சாமான். பிறகு மேலங்கி. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தட்டில் வந்ததைச் சாப்பிடுகிறான். சோம்பலைக் கிண்டல் செய்ய மட்டும் உட்கார்ந்தவர் இந்த அடகுக் கணக்கை எழுதியிருக்க மாட்டார்.

1860 மார்ச் 29

இப்போது வழக்குக்கு வருகிறேன். மூன்றாவது நாவலான ‘செங்குத்துச் சரிவு’ 1849-இல் சொந்த ஊருக்குப் போயிருந்தபோது மனத்தில் உதித்தது. 1855-இல் பயணம் முடிந்து வந்ததும் அதன் முழுத் திட்டத்தையும் துர்கனேவிடம் விரிவாகச் சொன்னார்: ஓவியனும் எழுத்தாளனுமாகி எதிலும் நிலைக்காத கதாநாயகன், அவனுடைய முன்னோர்களின் வரலாறு, பண்ணையை ஆளும் பாட்டி, பக்தியும் பிடிவாதமும் கலந்த வேரா, அவள் ஒருவனைத் தொடர்ந்து போவது என்று காட்சி காட்சியாக. துர்கனேவ் நல்ல கேட்பாளர். 1858 இறுதியில் துர்கனேவ் தன் ‘பிரபுக்களின் கூடு’ நாவலை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினார். கேட்டவர்களில் கொன்சரோவும் ஒருவர். முன்னோர் வரலாறு, பக்தியுள்ள பெண், வயதான உறவுக்காரி எல்லாம் அதில் இருந்தன. என் கதையின் நகல் என்று முகத்துக்கு நேரே சொன்னார். துர்கனேவ் மறுத்தாலும், ஒரு காட்சியை நீக்கச் சம்மதித்து நீக்கினார். நீக்கியதுதான் வினையானது. ஒத்துக்கொள்ளாதவர் ஏன் நீக்குவார் என்ற கேள்வி கொன்சரோவின் மனத்தில் ஆணியடித்து நின்றுவிட்டது.

1860 தொடக்கத்தில் துர்கனேவின் ‘முந்தின நாள் இரவு’ வெளிவந்தது. ஓர் இளம்பெண் வீட்டை விட்டு ஒரு பல்கேரியப் புரட்சிக்காரனைத் தொடர்ந்து போகிறாள். பக்கத்தில் ஒரு கலைஞன் வேறு. தெருவில் ஒருநாள் துதீஷ்கின் என்ற விமர்சகரைச் சந்தித்தபோது, அவர் துர்கனேவ் வீட்டு விருந்துக்குப் போவதாகச் சொல்ல, அது என் காசில் நடக்கும் விருந்து என்று கொன்சரோவ் சொல்லிவிட்டார். பாதி வேடிக்கை, பாதி விஷம். துதீஷ்கின் அதைக் கொண்டுபோய் விருந்தில் பரிமாறினார். துர்கனேவ் நடுவர் வேண்டும் என்றார்.

நடுவர்கள் நால்வர்: அன்னென்கோவ், துருஷினின், நிகிதென்கோ, அந்தத் துதீஷ்கினே. இடம் கொன்சரோவின் வீடு. ஒரு நாவலின் கருவை இன்னொருவர் எடுத்தாரா இல்லையா என்று நான்கு படித்த மனிதர்கள் ஒரு வரவேற்பறையில் விசாரித்த இந்த வழக்குக்கு ஈடாக எனக்கு வேறொன்று தெரியாது. விசித்திரம் என்னவென்றால், திருடப்பட்டதாகச் சொல்லப்பட்ட சொத்து அன்று இல்லவே இல்லை. ‘செங்குத்துச் சரிவு’ முழுதாக எழுதப்பட்டிருக்கவில்லை. வாய்ச்சொல்லை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். நடுவர்கள் நயமாக ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: இருவரின் நாவல்களும் ஒரே ரஷ்ய மண்ணில் முளைத்தவை, ஆகவே சில நிலைமைகளும் சில எண்ணங்களும் ஒத்துப்போவது இயல்பு, இருவர் மேலும் குற்றமில்லை.

அன்னென்கோவின் நினைவுக் குறிப்பின்படி கொன்சரோவ் இந்தத் தீர்ப்பில் திருப்தியடைந்தவர்போலவே இருந்தார். துர்கனேவின் முகம்தான் வெளுத்தது. விஷயம் தீர்ந்தது, இந்த நிமிடத்தோடு நம் நட்பும் தீர்ந்தது என்ற பொருளில் நடுங்கும் குரலில் பேசிவிட்டு வெளியேறினார். பார்க்கப்போனால் அடிபட்டவர் துர்கனேவ். நான் அந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன், சரியான தீர்ப்புதான். காட்சிகளின் ஒற்றுமை உண்மை. ஆனால் அன்றைய ரஷ்யாவில் பண்ணை வீடும் பாட்டியும் பக்தியுள்ள பெண்ணும் எந்த எழுத்தாளரின் தனிச்சொத்தும் அல்ல. ஆனாலும் கொன்சரோவிடம் சொல்லத் தகுந்த கடைசி வாதம் ‘பொது மண்’ என்பதுதான். பொது மண்ணிலிருந்து எதையும் எடுக்கத் தெரியாதவர் அவர். தன் தாய், தன் ஊர், தன் பாட்டிமார், தன் தோல்வியுற்ற காதல் என்று தனக்குள் ஊறியதை மட்டுமே எழுத முடிந்தவர். துர்கனேவுக்கு ஒரு காட்சி போனால் இன்னொரு காட்சி வரும். இவருக்கு வராது.

என் நண்பர் ஒருவரும் இப்படித்தான். பல ஆண்டுகளாக ஒரு நாவலை டீக்கடையில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லும்போது கேட்டவர்கள் நகர மாட்டார்கள். ஒருநாள் ஒரு பத்திரிகைச் சிறுகதையில் அவருடைய கிணற்றடிச் சண்டை அப்படியே இருந்தது. எழுதியவர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர். “கிணறு எல்லா ஊரிலும்தானே இருக்கிறது, அண்ணே” என்று அவர் சிரித்தார். அதுவும் உண்மைதான். நண்பர் அதற்குப் பிறகு கதை சொல்வதில்லை, எழுதவுமில்லை.

கொன்சரோவ் எழுதினார் என்பதுதான் வித்தியாசம். 1864-இல் துருஷினினின் இறுதிச் சடங்கில், நடுவராக இருந்தவரின் சவப்பெட்டிக்கு அருகில், இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். 1869-இல் ‘செங்குத்துச் சரிவு’ முழுமையாக வெளிவந்தது. கருவாகி இருபது ஆண்டுகள் கழித்து. முற்போக்கு இதழ்கள், நாவலில் வரும் மார்க் என்ற கலகக்காரனைக் காரணம் காட்டிக் கிழித்தெடுத்தன. முதல் பாகம் நகராமல் கிடக்கிறது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேத்தி முறையாகும் வேரா தவறிவிட்டதை அறிந்த பாட்டி, தன் பழைய ரகசியத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வயல்வெளிகளில் நடந்தே திரிகிறாளே, அந்தப் பக்கங்களை மட்டுமாவது படியுங்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே இருட்டு. கொன்சரோவின் நாவல் வந்துகொண்டிருந்த அதே இதழில், அதே காலத்தில், ஜெர்மன் எழுத்தாளர் அவுர்பாக்கின் நாவல் துர்கனேவின் முன்னுரையோடு மொழிபெயர்ப்பாக வந்தது. சந்தேகப்படுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? தன் கதையைத் துர்கனேவ் அவுர்பாக்குக்குச் சொன்னார், பிரான்ஸில் ஃப்ளாபேருக்குச் சொன்னார், ‘மேடம் பொவாரி’யும் அப்படி வந்ததுதான் என்று 1870-களில் ஒரு ரகசியக் கையெழுத்துப் பிரதியில் எழுதிவைத்தார். அதன் தலைப்பு ‘ஓர் அசாதாரணக் கதை’. ஹெர்சன் அவரை நையாண்டி செய்தபோது பயன்படுத்திய அதே இரண்டு சொற்கள். தெரிந்தே வைத்தாரா என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். பிரதியில் நோய் இருக்கிறது, மறுக்க முடியாது. நோயின் நடுவே, ஒரு நாவல் எப்படி மெல்ல மெல்ல உருக்கொள்கிறது என்று வேறு எங்கும் கிடைக்காத நேர்மையான சாட்சியமும் இருக்கிறது.

மோகவாயா தெருவில் கீழ்த்தள வீடொன்றில் கல்யாணமில்லாமல், ஒரு கண் பார்வை போய், கடைசிவரை வாழ்ந்தார். அவருடைய வேலைக்காரர் கார்ல் 1878-இல் இறந்தபோது, அவருடைய மனைவியையும் மூன்று குழந்தைகளையும் அதே வீட்டில் வைத்துக் காப்பாற்றிப் படிக்கவைத்தார். சொத்தையும் அவர்களுக்கே எழுதிவைத்தார். சொந்தபந்தங்கள் இதை மன்னிக்கவில்லை. 1889-இல் ‘விருப்பத்தை மீறுதல்’ என்று ஒரு கட்டுரை எழுதி, தன் தனிப்பட்ட கடிதங்களை யாரும் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; கையிலிருந்த கடிதங்களையும் குறிப்புகளையும் கட்டுக்கட்டாக எரித்தார். 1891 செப்டம்பரில் நிமோனியாவால் இறந்தார். ரகசியப் பிரதி 1924-இல் அச்சேறியது. அவர் எரிக்காமல் விட்ட, அல்லது பிறர் திருப்பித் தராத கடிதங்களைத் தேடித் தேடித் தொகுத்துப் போட்டுவிட்டார்கள். அச்சிட வேண்டாம் என்ற அந்தக் கட்டுரையும் அவற்றோடு தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. நானும் இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டுதான் அவருடைய வழக்கைப் பேசுகிறேன்.